ஓடுகிற பிள்ளைக்கு எதை எதோடு கொடுப்பது?

முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்து ஓர் அம்மா நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பாடசாலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

மகளுக்குப் பதினேழு வயது, நிறை 44 கிலோ. 1500 மீற்றரும் 3000 மீற்றரும் ஓடுகிறாள், போன வருடம் மாகாண மட்டம் வரை போனவள். இந்த வருடம் தொடக்கத்தில் இருந்தே களைப்பு, கடைசி இரண்டு சுற்றில் கால் வருகுதில்லை என்கிறாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 11.1, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற பெரிட்டின் 9. டொக்டர் இரும்புக் குளிசை எழுதிக் கொடுத்திருக்கிறார், ஒன்றரை மாதம் போட்ட பிறகு திரும்பச் சோதித்தால் 11.3 தான். "குளிசை போட்டும் ஏறவில்லை, அப்ப சாப்பாட்டில் ஏதோ ஒன்று மற்றதை வெட்டுது போல" என்பது அம்மாவின் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தால் வீட்டில் விதிகள் கூடியிருக்கின்றன. மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்குட்டம் வரும் என்று அம்மம்மா சொல்வதால், கடல் பக்கத்து வீடு, தினமும் மீன், தயிர் நின்றுவிட்டது. வட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலைப் பார்த்துச் சாப்பாட்டோடு பழமும், சோற்றோடு பருப்பும் நின்றுவிட்டன. பயிற்சி கொடுக்கிறவர் இரண்டு கிலோ குறைந்தால் நேரம் குறையும் என்று சொன்னதால் இரவுச் சோறு போய் இரண்டு துண்டுப் பாண் வந்திருக்கிறது. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். பின்னேரம் மூன்றரையில் இருந்து ஐந்தரை வரை பயிற்சி, இரவு எட்டு மணிக்குப் பாண், அதோடு பால் தேத்தண்ணி, அந்தத் தேத்தண்ணியோடு குளிசை. ரொறன்ரோவில் இருக்கிற சித்தி ஒரு பெரிய பேணிப் புரத மாவும் கல்சியம் கலந்த விற்றமின் குளிசையும் அனுப்பியிருக்கிறார், அதைத் தொடங்கலாமா என்று ஒரு கேள்வி. கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை, "ஓடுகிற பிள்ளைகளுக்கு அது வழமைதானாமே." கடைசியாக, மாகாணப் போட்டிக்கு ஏழு கிழமை இருக்கிறது, ஓடவிடலாமா?

அம்மா, எதை எதோடு சாப்பிடுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது, இரண்டு மூன்று இடங்களில் பெரிய விஷயமே இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு விதிகளில் அந்த இரண்டு மூன்றில் ஒன்றுமே இல்லை. உண்மையில் ஒன்றையொன்று வெட்டுகிறவை ஒரே மேசையில் இரவு எட்டு மணிக்குச் சந்திக்கின்றன, நல்லாகச் சேரக்கூடியவை எல்லாம் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு: ஒவ்வொரு "சேர்க்கக்கூடாது" விதியும் அவளுடைய கோப்பையில் இருந்து ஏதோ ஒன்றை எடுத்துவிட்டிருக்கிறது, பதிலுக்கு ஒன்றும் வைக்கப்படவில்லை. தயிர் போனது, பருப்பு போனது, பழம் போனது, இரவுச் சோறு போனது. ஓட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் அந்த ஐந்து மாதம்

ஓடுகிற பிள்ளைகளுக்கு மாதவிடாய் நிற்பது அடிக்கடி நடக்கிறது, அது சரி. அடிக்கடி நடப்பதால் அது நல்ல சுகம் என்று ஆகிவிடாது. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலே டொக்டரிடம் காட்டவேண்டும், நீங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள். சாப்பிடுகிற சக்தியில் ஓட்டத்துக்குப் போனது போக மிச்சம் போதாவிட்டால், உடம்பு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும், கர்ப்பப்பை வேலை அதில் முதல் வரிசையில் இருக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இந்த நிலைக்கென்று ஒரு பெயர் வைத்து, பயிற்றுநர்கள் எல்லாரும் கவனிக்கவேண்டும் என்று எழுதியது. பையன்களுக்கும் வரும், அவர்களுக்கு வெளியில் தெரிகிற அடையாளம் குறைவு, அவ்வளவுதான்.

இதில் பயப்படவேண்டியது எலும்பு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்தால் எலும்பு பலப்படுவது நின்றுவிடும், பெண்பிள்ளைகளுக்கு எலும்பின் பலத்தில் பெரும் பகுதி இருபது வயதுக்குள்தான் சேர்கிறது. பிறகு பிடிக்கலாம் என்று விட்டால் பிடிக்க முடியாது. சின்னக் கீறல் முறிவு ஒன்று கணைக்கால் எலும்பில் வந்தால் ஒரு பருவம் முழுக்க ஓட முடியாது.

இன்னொன்றையும் டொக்டர் கவனிப்பார். பெண்பிள்ளைக்கு இரத்தம் குறைந்தால் "மாதவிடாயில் போகுது" என்று சொல்லி எல்லாரும் கடந்துவிடுவோம். ஐந்து மாதமாக மாதவிடாயே இல்லாதவளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அப்படியானால் உள்ளே போவது குறைவா, குடல் உறிஞ்சுவது குறைவா, பூச்சி இருக்கிறதா, தலசீமியா என்கிற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரிட்டின் 9 என்பது இரும்பு இருப்பு வற்றிவிட்டது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது, அதனால் குளிசை சரியான முடிவுதான், ஆனால் அது மட்டுமே முழுக் கதை என்று முடிவு கட்டவேண்டாம். போகும்போது மாதவிடாய் விஷயத்தை மகள் வாயாலேயே சொல்லட்டும். தைரொயிட் பார்ப்பார்கள், கர்ப்பப் பரிசோதனையும் செய்யலாம். அது இந்த வயதில் இந்த முறைப்பாட்டோடு யார் வந்தாலும் செய்கிற வழமையான சோதனை, அதைக் கேட்டவுடன் கோபப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அரச ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் காசு இல்லை. பெண் டொக்டரிடம் கதைக்க விருப்பம் என்றால் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவிடம் சொன்னால் வழி காட்டுவார்.

குளிசை எப்போது, எதோடு

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தேத்தண்ணியில் உள்ள கசப்புப் பொருட்கள், தனின் என்று சொல்வோமே, அவை குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரு தேத்தண்ணி குடித்தால் மரக்கறி, தானியத்தில் உள்ள இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கும் மேல் குறையும். பிளேன் ரீ என்றாலும் அதுதான், பால் விட்டாலும் தடை போகாது, பாலோடு கல்சியமும் சேர்ந்துகொள்ளும், கல்சியமும் இரும்பைத் தடுக்கிற ஒன்று. கோப்பியும் மைலோ மாதிரிக் கொக்கோ கலந்த மாவும் இதே வேலையைச் செய்யும். நெஞ்செரிவுக்குப் போடுகிற ஒமெப்பிரசோல், அன்ரசிட் குளிசைகளும் குறைக்கும், வீட்டில் யாராவது அவளுக்குக் கொடுத்திருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது நேரம். ஈரலில் இருந்து ஹெப்சிடின் என்று ஒரு ஹோர்மோன் சுரக்கிறது, அது கூடினால் குடல் இரும்பை உள்ளே விடாது. கடுமையாக ஓடிய பிறகு மூன்று முதல் ஆறு மணித்தியாலம் வரையில் அது நன்றாக ஏறியிருக்கும். சாதாரணமாகவே காலையில் குறைவாக இருந்து பகல் போகப் போகக் கூடும். உங்கள் மகள் ஐந்தரைக்கு ஓட்டத்தை முடிக்கிறாள், எட்டு மணிக்குக் குளிசை. கதவு சாத்தத் தொடங்குகிற நேரம் பார்த்து, தேத்தண்ணியையும் பாலையும் துணைக்கு அனுப்பி, இரும்பைக் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றரை மாதத்தில் 0.2 ஏறியதே பெரிய விஷயம். இது உங்கள் பிழை இல்லை, குளிசை கொடுக்கும்போது யாராவது இரண்டு நிமிடம் இருந்து சொல்லியிருக்கவேண்டும்.

மாற்றுவது லேசு. காலையில் எழும்பியவுடன், வெறும் வயிற்றில், ஒரு துண்டுக் கொய்யாப்பழத்தோடு அல்லது தேசிக்காய்த் தண்ணியோடு குளிசை. அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துக் காலைச் சாப்பாடு. தேத்தண்ணி பத்து மணிக்குப் பிறகு. சனிக்கிழமை காலைப் பயிற்சி இருந்தால் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் போடலாம், ஹெப்சிடின் ஏறுவதற்கு முன்னம் அந்தச் சின்ன இடைவெளி இருக்கிறது. வயிற்றைப் பிரட்டுகிறது என்பதால்தான் தேத்தண்ணியோடு கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு வேறு வழி உண்டு: பழத்தோடு கொடுங்கள், அப்படியும் பிரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். சுவிற்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களிடம் செய்து 2017 இல் வெளியான ஆய்வில், தினம் போட்டவர்களைவிட ஒருநாள் விட்டுப் போட்டவர்களுக்கு ஒவ்வொரு குளிசையில் இருந்தும் கூடுதலான பங்கு உடம்பில் சேர்ந்தது, ஏனென்றால் குளிசையே ஒருநாள் அளவுக்கு ஹெப்சிடினைக் கூட்டிவிடும். நீங்களாக மாற்றவேண்டாம், கேட்டுவிட்டு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போவது வழமை, பயப்படாதீர்கள்.

கடிதத்தில் நாலு வயதுத் தம்பி ஒருவரும் வருகிறார். இரும்புக் குளிசை சின்னப் பிள்ளைகளுக்கு நஞ்சு, இனிப்பு என்று நினைத்துச் சில குளிசைகளை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து வரலாம். குளிசைப் போத்தல் அவர் கை எட்டாத, பூட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும்.

கோப்பையில் எது எதோடு சேரவேண்டும்

மீன், இறைச்சி, ஈரலில் உள்ள இரும்பின் ஒரு பகுதி வேறு வடிவம், அது லேசாக உறிஞ்சப்படும், நூற்றுக்கு 15 முதல் 35 வரை. கீரை, பருப்பு, அரிசி, குரக்கனில் உள்ளது நூற்றுக்கு 2 முதல் 20 வரைக்கும் எங்கேயோ நிற்கும், எங்கே நிற்கும் என்பதைக் கூட வருகிற சாப்பாடுதான் முடிவு செய்யும். விற்றமின் சி இருந்தால் மேலே போகும். கொஞ்ச மீன் இருந்தாலும் மேலே போகும், மீன் தன்னுடைய இரும்பைத் தருவதோடு பக்கத்தில் இருக்கிற முருங்கையிலையின் இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே சிவப்பரிசிச் சோறு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை, பருப்பு, பக்கத்தில் ஒரு துண்டுக் கொய்யா. எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் இதைவிட நல்ல சேர்க்கையை நான் தேடவேண்டியதில்லை. உங்கள் பட்டியல் இதில் இரண்டைத் தடை செய்துவைத்திருக்கிறது!

வறையில் தேங்காய்ப்பூ போடுகிறோமே, அது ருசிக்கு மட்டும் இல்லை. கீரை, கரட், பப்பாசியில் உள்ள கரொட்டின் கொழுப்போடு போனால்தான் உள்ளே சேரும், ஒரு வேளைக்கு நாலைந்து கிராம் கொழுப்புப் போதும், ஒரு தேக்கரண்டி எண்ணெய் அளவு. எண்ணெய் கூடாது என்று சொல்லிக் கீரையை வெறுமனே அவித்துக் கொடுக்கிற அம்மாமாரை இப்போது நிறையக் காண்கிறேன்.

தேசிக்காயை அடுப்பில் கொதிக்கும்போது விடாமல் இறக்கிய பிறகு விடுங்கள், விற்றமின் சி சூட்டில் அழியும். தேசிக்காயில் உண்மையில் அது அவ்வளவு இல்லை, ஒரு காயைப் பிழிந்தால் பத்துப் பதினைந்து மில்லிகிராம் வரும். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல். நெல்லிக்காயும் அந்த வரிசைதான், பப்பாசி 60 அளவு. வளவில் கொய்யா மரம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் என்ன?

தானியமும் பருப்பும் தங்களுக்குள்ளேயே ஒரு தடையை வைத்திருக்கின்றன, பைற்றேற்று என்று பெயர், இரும்பையும் நாகம் என்கிற சிங்க் சத்தையும் பிடித்துவைக்கும். ஊறவைத்தல், முளைக்கவைத்தல், புளிக்கவைத்தல் மூன்றும் அதைக் குறைக்கும். பயறும் கௌபியும் இரவில் ஊறப்போட்டு அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு அவியுங்கள். பயற்றை முளைக்கவிட்டால் இன்னும் நல்லது, விற்றமின் சியும் கொஞ்சம் உண்டாகும். தோசை மா புளிப்பதிலும் இதே வேலை நடக்கிறது, பழஞ்சோற்றிலும் ஓரளவு. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் மரக்கறி என்பதால் அன்றைக்கு இந்த முளைப்பயறும் பழமும் கட்டாயம் இருக்கட்டும், மீன் இல்லாத நாளில்தான் சேர்க்கை கூடுதலாக உதவும். குரக்கனில் கல்சியம் நிறைய, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல், ஆனால் அதன் தோலில் தனினும் பைற்றேற்றும் இருப்பதால் இரும்புக்கு அதை நம்பவேண்டாம். குரக்கன் புட்டு நல்ல சாப்பாடு, இரத்தம் ஊறும் என்று கொடுத்தால் ஏமாற்றம்தான். பீற்றூட்டும் பேரீச்சம்பழமும் அப்படித்தான், சிவப்பும் கறுப்பும் பார்த்து இரும்பு என்று நினைக்கிறோம், 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. அவள் வயதுப் பெண்பிள்ளைக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் வேண்டும். கிழமைக்கு ஒருநாள் கோழி ஈரல் சாப்பிட்டால் அந்த வேளை ஒன்றிலேயே பெரும் பங்கு வந்துவிடும், அவளுக்கு விருப்பம் என்றால்.

கல்சியத்துக்கு வேறு கணக்கு. பாலில் உள்ளதில் நூற்றுக்கு முப்பது அளவு சேரும். ஸ்பினாச் என்கிற மேல்நாட்டுக் கீரையில் அளந்து பார்த்தால் ஐந்து, ஒட்சலேற்று என்ற அமிலம் அதைக் கட்டிவிடுகிறது, நம்முடைய பசளியும் ஒட்சலேற்று கூடிய கீரைதான். அதனால் கல்சியத்துக்கு மாட்டுப்பால், தயிர், முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி. நாளுக்கு 1300 மில்லிகிராம் அவளுக்குத் தேவை, ஒரு தம்ளர் பாலில் 240 அளவு வரும். வீட்டில் இரண்டு பசு நின்றும் அந்தப் பிள்ளை பாலைத் தேத்தண்ணியில் மட்டும் காண்கிறாள்! இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் பால், பின்னேரப் பயிற்சி முடிந்து வந்தவுடன் தயிரும் வாழைப்பழமும். காலையில் இரும்பு, மாலையில் கல்சியம், இரண்டும் முட்டாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. இந்தச் சேர்க்கைக் கணக்குகள் பெரும்பாலும் ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொடுத்து அளந்தவை. பல நாள், பல வகை கலந்து சாப்பிடுகிறவர்களிடம் அளந்தால் வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஒருநாள் கொய்யா இல்லை, ஒருநாள் மாமி வீட்டில் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்துவிட்டாள் என்றால் ஒன்றும் குடிமுழுகாது. புது விதிகள் வந்து பழைய விதிகளின் இடத்தில் உட்கார்ந்து அவளைப் பயமுறுத்துவது எனக்கு வேண்டாம்.

பட்டியலில் இருந்து வெட்டிவிடக்கூடியவை

மீனும் தயிரும்: வெண்குட்டம் வராது. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தோலின் நிறக் கலங்களைத் தானே அழிப்பதால் வருவது, சாப்பாட்டுச் சேர்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அம்மம்மா சொல்வது எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. சூரை மாதிரி மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்ரமின் என்ற பொருள் உண்டாகும், சமைத்தாலும் போகாது, சாப்பிட்டவுடன் உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும். கடற்கரையில் இருந்து சைக்கிளில் உள்ளூருக்கு மீன் வந்த காலத்தில் அது நிறைய நடந்திருக்கும், பக்கத்தில் தயிர் இருந்திருந்தால் பழி தயிரில் விழுந்திருக்கும். இது என் ஊகம். அம்மம்மாவோடு சண்டை வேண்டாம், மத்தியானம் மீன், பின்னேரம் தயிர் என்று வைத்தால் அவருடைய மனமும் நிறையும், பிள்ளையின் எலும்பும் நிறையும்.

பருப்பும் சோறும்: சமிக்காது என்று சொன்னவர் தாய்ப்பாலை நினைக்கவில்லை, அதிலேயே புரதமும் மாச்சத்தும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. பருப்பிலும் இரண்டும் இருக்கிறது, அதை எப்படிப் பிரிப்பீர்கள்? குடலில் இரண்டையும் சமிக்கச் செய்கிற சுரப்புகள் ஒரே நேரத்தில் வருகின்றன. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு, பருப்பில் அது கூட, பருப்பில் குறைந்தது அரிசியில் இருக்கிறது, சேர்ந்தால் முழுமை. ஒரே வேளையில் சேரவேண்டும் என்றுகூட இல்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் போனால் போதும்.

சாப்பாட்டோடு பழம்: வயிற்றில் கிடந்து புளிக்கும் என்பது பொய், வயிற்று அமிலத்தில் எதுவும் அப்படிப் புளிக்காது. சாப்பாட்டோடு பழம்தான் அவளுக்கு வேண்டியது என்று மேலே சொல்லிவிட்டேன். முட்டையும் பாலும் சேர்ந்தாலும் ஒன்றும் செய்யாது.

பச்சை முட்டை: பெரியபிள்ளையானபோது கொடுத்த பழக்கம் தொடர்கிறது என்று நினைக்கிறேன். சமைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 90 அளவு உறிஞ்சப்படும், பச்சையில் 50 அளவு. கிருமி வேறு. அதே முட்டையை அவித்து அல்லது நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுத்தால் எல்லாரும் வென்ற மாதிரி. முட்டையில் இருக்கிற இரும்பை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், மஞ்சட்கருவில் உள்ள புரதம் அதை விடாது.

இரவுச் சோறு: இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தினமும் இப்படிப் பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோ நிறைக்குக் குறைந்தது 5 கிராம் மாச்சத்து, அவளுக்கு 220 கிராம், கடுமையான நாளில் 300. ஒரு சின்னக் கிண்ணம் சோற்றில் 40, 45 கிராம் வரும். இரண்டு துண்டுப் பாணில் 30 வந்தால் பெரிது. இரண்டு மணித்தியாலம் ஓடிவிட்டு வந்த பிள்ளைக்கு அதுதான் நாளின் கடைசிச் சாப்பாடு என்றால் உடம்பு எதை வைத்து இரத்தம் செய்யும்? புட்டோ இடியப்பமோ சோறோ, வயிறு நிறைய, மீனோடும் சொதியோடும். 44 கிலோவில் இருந்து இரண்டு கிலோ குறைக்கச் சொன்னவரிடம், மாதவிடாய் நின்ற பிள்ளையின் நிறையைக் குறைக்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை.

ரொறன்ரோப் பார்சல்

சித்திக்கு நன்றி சொல்லுங்கள், புரத மாவை அவள் இப்போதைக்குத் திறக்கவேண்டாம். அவளுக்கு நாளுக்கு 55 முதல் 85 கிராம் வரை புரதம் வேண்டும். இரண்டு முட்டை 12, மீன் ஒரு நல்ல துண்டு 20, பால் தயிர் இரண்டு வேளை 12, பருப்பு அரைக் கோப்பை 8, ஒரு கை கச்சான் 7, மிச்சத்தைச் சோறும் பாணும் தரும். வந்துவிட்டது.

காசு மிச்சம் என்பதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. இப்படியான மாக்களில் லேபலில் எழுதாத ஊக்கப்பொருள் கலந்திருப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் இலங்கையில் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கமாக இருக்கிறது, பாடசாலை வீரர்களும் சோதிக்கப்படலாம். எனக்குத் தெரியாது, சித்தி அனுப்பினா என்று சொன்னால் அந்த விதியில் எடுபடாது, உடம்பில் இருப்பதற்கு ஓடுகிறவரே பொறுப்பு. தொகுதி தொகுதியாகச் சோதித்து முத்திரை போட்ட பொருட்களில் ஆபத்து குறைவு, இல்லை என்று ஆகாது. கல்சியக் குளிசையைப் பொறுத்தவரை, பெட்டியை டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேவை என்று சொன்னால் இரவில் போடட்டும், இரும்புக் குளிசையோடு ஒருபோதும் வேண்டாம். அடுத்த பார்சலில் என்ன அனுப்ப என்று சித்தி கேட்டால், நல்ல ஓட்டச் சப்பாத்து ஒன்று.

ஓடலாமா?

11.3 என்பது படுக்கவைக்கிற அளவு இல்லை, இலேசான பயிற்சி தொடரலாம். ஆனால் எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் நோகிறது, இரவிலும் நோகிறது என்றாலோ, ஓடும்போது தலைசுற்றி விழுந்தாலோ, நெஞ்சு படபடப்பு நிற்காமல் இருந்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எதையும் மறைத்து ஓடவேண்டாம் என்று மகளுக்குச் சொல்லிவையுங்கள், இந்த வயதில் அணியில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் மறைப்பார்கள்.

குளிசையைக் காலையில் மாற்றி, சாப்பாட்டையும் நிறையக் கொடுத்தால் நாலு கிழமையில் ஹீமோகுளோபின் ஒன்று அளவில் ஏறவேண்டும். பெரிட்டின் நிரம்ப மாதங்கள் எடுக்கும், அதனால் இரத்தம் சரியாக வந்துவிட்டது என்று குளிசையை இடையில் நிறுத்தவேண்டாம், இன்னும் மூன்று மாதம் அளவில் தொடரச் சொல்வார்கள். நாலு கிழமையில் ஏறாவிட்டால் நேரம் கடத்தாமல் நான் மேலே சொன்ன மற்றச் சோதனைகளைக் கேளுங்கள், ஊசி மூலம் இரும்பு ஏற்றுவது பற்றியும் அப்போது கதைக்கலாம், அதை ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்யவேண்டும், பெரிய அளவில் நாளத்தில் ஏற்றுவதை ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு வெளியே ஊக்கமருந்து விதியும் தடுக்கிறது.

நாலாம் கிழமை அறிக்கையும் மாதவிடாய் பற்றி டொக்டர் சொன்னதும் கையில் இருக்கும்போது போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும். அந்த நேரம் பயிற்றுநரையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று பேருமாக இருந்து முடிவெடுங்கள். எண் நன்றாக ஏறி, டொக்டரும் சரி என்றால் 1500 மட்டும் ஓடலாம். 3000 ஐ இந்த வருடம் விட்டுவிடச் சொல்வேன், அவளுக்குக் கோபம் வரும், வரட்டும்.